ஃபோனில் நான்கு வருடக் காமிக்ஸ்: கிணறு, மழை, சாயத்தண்ணி

திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து காங்கேயம் பஸ்ஸில் ஏறினால்தான் எனக்குப் படிக்க நேரம். நான்கு வருடமாக அந்த நேரத்தில் ஃபோனில் காமிக்ஸ் படிக்கிறேன். கதை, ஓவியம், சந்தா விலை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கொரியாவில் வளர்ந்த வெப்டூன் பாணியில் பக்கம் என்று ஒன்று கிடையாது. தள்ளத் தள்ளக் கீழே போகிற ஒரே நீளப் பட்டை. கம்ப்யூட்டர் திரை காகிதத்தின் அளவுக்குள் அடங்க வேண்டியதில்லை என்று அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் 2000-லேயே எழுதினார். அந்த வசதியை ஆசை தீர அனுபவிப்பது தண்ணீர்தான். மழை மேலிருந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒருத்தன் முழுகினால் அவனை அமுக்குவதே நம் விரல்தான். ஆறு மட்டும் பாவம். அகலமாக ஓட வேண்டியது, கையளவுத் திரையில் வாய்க்காலாகிவிடும்.

ஒரு கதையில் ஒரு பெண் கிணற்றில் விழுகிறாள். சுவர், இருட்டு, இன்னும் இருட்டு, அப்புறம் வெறும் வெள்ளை. என்ன துணிச்சலான மௌனம் என்று படியூர் வரை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்தால் நெட் போயிருக்கிறது.

அதே காட்சியை வீட்டில் அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், காட்டினேன். பாறையை உடைத்து வெட்டிய சதுரக் கிணற்றில் படி இறங்கிக் குளித்து வளர்ந்தவர். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"ஏங்கண்ணு, இத்தனை இறங்கியும் தண்ணியக் காணோமே. போரு போட்டாப்பல இருக்குது."

வரைந்தவருக்கு ஆழம் என்றால் பயம், மனசின் அடி. அப்புச்சிக்கு ஆயிரம் அடி ஓட்டியும் புகை மட்டும் வந்த போர்வெல். அதற்குப் பிறகு எனக்கும் அந்தக் காட்சி பழையபடி தெரியவில்லை. மழையும் அப்படித்தான். காதல் முறிந்தால் மழை, யாராவது செத்தால் மழை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் காடு தோட்டம் வைத்திருக்கிறவனுக்கு மழையைப் பார்த்தால் அழுகையா வரும்?

நிறத்துக்கு வருவோம். திகில் கதைகளில் குழாயைத் திறந்தால் சிவப்பாக ஊற்றும். எனக்குப் பயமே வராது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நொய்யல் ஆற்றில் எந்தச் சாயம் ஓடுகிறதோ அதுதான் அன்றைக்குத் தண்ணீரின் நிறம். அந்த ஆற்றில் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை இதே கதை. சரி, காமிக்ஸின் நீலத்தண்ணி மட்டும் இயற்கையா? ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் வரைந்த அந்தப் பெரிய அலையின் நீலமே ஐரோப்பாவில் கண்டுபிடித்த செயற்கை நிறம்தான்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று: ராத்திரியில் கண் பாதுகாப்பு மோட் போட்டுக்கொண்டு படிக்காதீர்கள். திரை மஞ்சளாகி, கடல் பாசிப் பச்சைக்கு மாறிவிடும். ஒரு வருடம் அப்படியே படித்துவிட்டு, எல்லா ஓவியர்களும் ஒரத்துப்பாளையத்தைப் பார்த்துத்தான் வரைகிறார்கள் போல என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் சந்தாவை நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். அப்புச்சி விடவில்லை. அந்தக் கிணற்றில் எத்தனாவது அடியில் தண்ணி கிடைத்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.