4,700 ரூபாய் போச்சு: குழந்தைக்கு கிட்டார் வாங்குகிறவர்கள் கவனிக்க

வட சென்னையில் பிள்ளைக்குச் சின்ன கிட்டார் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கிட்டார் 3,800, வாசிக்கத் தோதாகச் சரிசெய்து தரும் ‘செட்டப்’ கூலி 900, ஆக 4,700 ரூபாயைத் தொலைத்த எரிச்சலில் எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். கீபோர்டு, டோலக், பள்ளிக்கூட பேண்டு டிரம் எல்லாம் விற்கிற ஒரு வாத்தியக் கடை.

எட்டு வயது மகளுக்கு 30 அங்குல கிட்டார், நைலான் கம்பி. கடைக்காரர் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, விரலை எங்கே வைப்பது என்று அவ்வளவு பொறுமையாகக் காட்டினார். அப்படி ஒரு ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? “சின்ன கிட்டார்ல நைலான் தொளதொளன்னு இருக்கும் சார். ஸ்டீல் போட்டு செட்டப் பண்ணித் தரேன், பாப்பா அப்படியே வாசிக்கலாம்” என்றார். தரும்போது ஆறு கம்பியையும் மீட்டிக் காட்டினார், சுருதி பார்க்கும் ட்யூனரில் பச்சை விளக்கு எரிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டுத் தண்டையார்பேட்டைக்கு வந்துவிட்டோம்.

வீட்டில் முதல் ஃப்ரெட்டையே (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடு) அவளால் அழுத்த முடியவில்லை. விரல் நுனியெல்லாம் தடம். கொஞ்ச நாளில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையான பிரிட்ஜின் பின்பக்கம் பலகையை விட்டுத் தூக்கிக்கொண்டது.

கடைக்குப் போனால், “பாப்பா கீழ போட்டிருக்கும்.” போடவில்லை என்றால், “உங்க பக்கம் கடல் காத்து சார், பசை விட்டுடும்.” ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் யாருமே கிட்டார் வைத்திருக்கவில்லையா? அப்புறம் “மாஸ்டர் லீவு.” இப்போது போனே எடுப்பதில்லை. 4,700 ரூபாய்க்கு இந்த மரியாதை.

வியாசர்பாடியில் கிட்டார் சொல்லித்தரும் ஒருவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நைலானுக்குச் செய்த கிட்டாரில் ஸ்டீல் கம்பி போட்டால் இழுவிசை தாங்காமல் பிரிட்ஜ் பெயரும். தொளதொளப்புக்கு இழுவிசை அதிகமான நைலான் கம்பியே கிடைக்கிறதாம். கம்பியை இரண்டு முனையிலும் தாங்கும் நட்டையும் சேடிலையும் யாரும் அரம் வைத்துத் தொடவே இல்லை, அதனால்தான் கம்பி மகளால் அழுத்த முடியாத அளவு உயரம். கம்பியை அழுத்தாமல் சும்மா தட்டினால் ட்யூனரில் சரியாக நிற்கிறது, 12-வது ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி ஏறிவிடுகிறது. 900 ரூபாய் செட்டப் என்பது கம்பி மாற்றியது மட்டும்தான்.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. 12-வது ஃப்ரெட்டை அழுத்தி ட்யூனரில் காட்டச் சொல்லுங்கள். பிள்ளையே முதல் ஃப்ரெட்டை அழுத்திப் பார்க்கட்டும். நைலான் கிட்டாரில் ஸ்டீல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் செட்டப் வேலை என்னவென்று எழுதி வாங்குங்கள்; என்னிடம் இருப்பது வெறும் துண்டுச்சீட்டு. அதை வைத்துக்கொண்டுதான் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன்.