பாரதி பூங்காவில் மூன்று மணி நேரம்

பகல் பன்னிரண்டரைக்கு, "சாப்பாட்டு நேரம், மூணரைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்கள். காலை ஒன்பதரையிலிருந்து புதுச்சேரியில் ஒரு அரசு அலுவலகத்தின் நடையில் நின்றுகொண்டிருந்தோம். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். அங்கே இருந்த ஒரே பெஞ்சில் பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எங்களைப் போலவே இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், பாதிப் பேர் வயதானவர்கள், சுவரில் சாய்ந்தபடி நின்றார்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வந்த வேலை இதுதான். அம்மாவின் பிறப்பு பிரெஞ்சுக் காலத்துப் பதிவேட்டில் இருக்கிறது. பெயரில், தமிழில் 'ஊ' என்று ஒலிக்கிற இடத்தில் அவர்கள் 'ஓ', 'யு' (ou) என்று இரண்டு எழுத்துப் போடுவார்கள். பிறகு வந்த அட்டைகளிலெல்லாம் அது ஒற்றை 'யு' ஆகிவிட்டது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட ஒரு தாள் வேண்டும். பாண்டிச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போன குடும்பங்களில் இந்த எழுத்துச் சிக்கல் இல்லாத வீடு குறைவு. நாங்கள் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அம்மா தங்கையோடு முத்தியால்பேட்டையில். நான் வரும்போதுதான் இந்த மாதிரி வேலைகள் நடக்கும்.

முத்தியால்பேட்டைக்குப் போய்த் திரும்ப ஆட்டோ பிடிக்கலாம். அதற்குள் அம்மாவுக்கு இன்னும் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். "பார்க்குக்குப் போயிடலாம்டா" என்றார். மெதுவாக நடந்தே போனோம்.

உள்ளே போனதும் வெயிலின் சூடு பாதியாகிவிட்டது. பெரிய மரங்கள், அடியில் கல் பெஞ்சுகள், பாதை ஓரத்தில் குட்டைச் சுவர். டிக்கெட் கிடையாது. ஏன் வந்தீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று கேட்க ஆள் கிடையாது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, காலைப் பெஞ்சின் மேல் நீட்டி வைத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

இந்தப் பூங்கா இருக்கிற இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ராஜ் நிவாஸ் என்று சொல்லிவந்த ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் சட்டமன்றம், பக்கத்துத் தெருவில் அரசுப் பொது மருத்துவமனை, கூப்பிடு தூரத்தில் அருங்காட்சியகமும் 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகமும். ஊரில் யாருக்கு என்ன வேலை என்றாலும் இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். வந்தவர்கள் காத்திருக்கவும் வேண்டும். அவர்களுக்கு நடுவில் ஒரு நிழல்.

எங்களுக்கு அடுத்த பெஞ்சில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. கூடவே பாட்டி ஒருவர், புறங்கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்தப் பெண் உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து, இலைகளுக்கு நடுவே வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள். இடுப்பெலும்புப் படம். விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பாட்டி தலையைத் திருப்பிக்கொண்டார்.

"எந்த ஊரும்மா?" என்று அம்மா கேட்டார்.

"விழுப்புரம் பக்கம்மா. மாமியாரு. டாக்டரு ரெண்டு மணிக்கு மேல வரச் சொல்லியிருக்காரு. அங்க உக்காந்தா இவங்களுக்கு மூச்சு முட்டுதுன்றாங்க, அதான் இங்க கூட்டியாந்துட்டேன்."

அம்மா தன்னிடமிருந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அப்புறம் இரண்டு பாட்டிகளும் முட்டிவலித் தைலம் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் எழுந்து நடுவில் இருக்கிற ஆயி மண்டபத்துப் பக்கம் போனேன்.

சின்ன வயதில் அதில் ஏறி விளையாடியிருக்கிறேன், அது என்ன என்று நினைத்ததில்லை. வெள்ளைத் தூண்களும் வளைவுகளுமாக, பார்த்தால் ஏதோ வெற்றிச் சின்னம் மாதிரி இருக்கும். உண்மையில் அது தண்ணீருக்காகக் கட்டியது. கடலோரத்துக் கிணறுகளில் உப்புத் தண்ணீர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நல்ல தண்ணீரை இங்கே கொண்டுவந்தார்கள். அந்த நன்றிக்கு எழுப்பிய மண்டபத்துக்கு ஆயியின் பெயர். ஆயி ஒரு தாசி. அவள் வீட்டின் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து, கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம் ஒரு ராஜா. கிருஷ்ணதேவராயர் என்று சொல்வார்கள். விஷயம் தெரிந்ததும் கோபத்தில் வீட்டை இடிக்கச் சொன்னாராம். அவளோ தானே இடித்து, இந்தத் தண்ணீர் வந்த குளத்தை அந்த இடத்தில் ஊருக்கு வெட்டிக் கொடுத்தாள் என்பது கதை. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இந்த மண்டபம்தான். ராஜாவின் கோபத்துக்கு வீட்டைக் கொடுத்தவளின் பெயரை ஒரு அரசு தன் முத்திரையில் வைத்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

திரும்பி வந்தபோது அம்மா பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், கைப்பை தலைக்கு அடியில். எக்ஸ்ரேக்காரப் பெண், "எழுப்பாதீங்கண்ணே, இப்பதான் கண்ணசந்தாங்க" என்றாள். பொது இடத்தில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. பிரான்சில் என் வீட்டுக்குப் பக்கத்திலும் நல்ல பூங்கா இருக்கிறது, சுத்தமானது, மாலையில் விசில் ஊதி வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார்கள். அங்கே இத்தனை வருஷத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரர் ஒருவரோடும் நான் பேசியதில்லை.

இரண்டு மணிக்கு அந்தப் பெண் மாமியாரைத் தோளில் அணைத்து எழுப்பினாள். நான் வாசல் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பாட்டி நின்று நின்றுதான் நடந்தார். மருத்துவமனைக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஒரு சக்கர நாற்காலி பூங்கா வாசலில் கிடைத்தால் எத்தனை பேருக்கு உதவும்! செய்யக்கூடியவர்கள் யாராவது இதைப் படித்தால் யோசியுங்கள்.

மூணரைக்கு அலுவலகம் போனோம். ஐந்து மணிக்குத் தாள் கையில் வந்தது. முத்திரை, கையெழுத்து, இரண்டு விதமாகவும் எழுதிய அம்மாவின் பெயர். கீழே இறங்கியதும் அம்மா, "கடக்கரைக்குப் போகலாம், ரெண்டு தெருதானே" என்றார். தூங்கி எழுந்த தெம்பு. நான் படித்த காலத்தில் அங்கே கருங்கல் மட்டும்தான். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு, வடக்கே வர வேண்டிய மணல் வராமல் போய்க் கரை கரைந்தது. பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தார்கள். இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்ப வந்திருக்கிறது. மாலையானால் அந்தச் சாலையில் வண்டிகள் வராது, நடக்கிறவர்களுக்குத்தான்.

மீதி இருந்த ஆறு நாட்களும் காலையில் அம்மாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். எந்த அலுவலக வேலையும் இல்லை. முதல் நாள் மண்டபத்தை ஒரு சுற்று வந்தார், கடைசி நாள் மூன்று. ஊரில் வயதானவர்களோடு அலுவலகம், ஆஸ்பத்திரி என்று அலையப் போகிறவர்கள், கையில் தண்ணீரும் தலைக்கு வைக்க ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆட்டோவுக்குக் கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.