காட்னா ஏ மென்பொருள்: கஞ்சிக்கோடு மாதிரி தொழிற்பேட்டைக்கு ஒத்துவருமா?

ஆலை இரைச்சல் ஊருக்குள் எவ்வளவு வரும் என்று கணக்கிட ஜெர்மனியின் டேட்டாகுஸ்டிக் நிறுவனம் தரும் மென்பொருள் காட்னா ஏ. கலர் கலரான இரைச்சல் வரைபடத்தை எல்லா மென்பொருளும் போட்டுத் தரும். கேரளத்தில் பாலக்காட்டுக்குப் பக்கத்துத் தொழிற்பகுதிகளான கஞ்சிக்கோடு, வாளையார் பக்கம் வேலை செய்பவர்களுக்கு அதைவிட முக்கியம் இதன் ஏரியா சோர்ஸ் ஆப்டிமைஸ் வசதி; அதாவது ஒவ்வொரு மனையும் எவ்வளவு இரைச்சல் போடலாம் என்று பிரித்துத் தருவது.

கன்சென்ட் (மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி) ஆலை ஆலையாகத்தான் பார்க்கப்படுகிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புக்கு இரவு வரம்பு 45 டெசிபல். ஓர் ஆலையால் வீட்டு வாசலில் 45, பக்கத்து ஆலையால் இன்னொரு 45 என்றால் சேர்ந்து 48. அப்படிப் பத்து ஆலை சேர்ந்தால் 55. தனித்தனி ரிப்போர்ட் எல்லாம் பாஸ், ஊருக்கு மட்டும் தூக்கம் இல்லை.

ஒவ்வொரு பிளாட்டையும் (தொழில் மனை) ஏரியா சோர்ஸாக, அதாவது பரப்பு முழுவதும் ஒலி எழுப்பும் மூலமாக வரைந்து, மேல்வரம்பு கீழ்வரம்பு கொடுத்து, சுற்றியுள்ள வீடுகளில் ரிசீவர் (ஒலி அளவைக் கணக்கிடும் புள்ளி) வைத்து இரவு 45 என்று நிர்ணயித்தால், எந்தப் பிளாட் சதுர மீட்டருக்கு எத்தனை டெசிபல் வரை போகலாம் என்று பிரித்துத் தருகிறது. 65 என்று வந்தால் ஒரு ஏக்கருக்கு மொத்த ஒலித்திறன் (மூலம் வெளியிடும் ஒலி, வீட்டில் கேட்கும் அளவு அல்ல) 101 டெசிபல். வீட்டை ஒட்டிய பிளாட்டுக்குக் குறைவாக வரும்; அங்கே கிடங்கு வையுங்கள், ரோலிங் மில்லைத் தள்ளி வையுங்கள். இந்தக் கட்டத்தில் சுவர், தரை உறிஞ்சல் எதையும் சேர்க்காதீர்கள். இதற்கான ஜெர்மன் தரமான டின் 45691 தூரத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. சுவரை நம்பி இரைச்சல் பங்கு கொடுத்துவிட்டால், சுவர் எழாத நாளில் முழுக் கணக்கும் பொய். பாலக்காடு தொழில் நகரத்துக்கு 2024 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. பரப்பு 1,710 ஏக்கர். இந்தக் கணக்கைப் பிளாட் ஒதுக்குவதற்கு முன்பே போட வேண்டும்.

அடுத்து தனி ஆலைக் கணக்கு, ஐஎஸ்ஓ 9613-2 (வெளியில் ஒலி பரவுவதைக் கணக்கிடும் சர்வதேசத் தரம்) முறையில். முதல் வேலை, 10 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்று இருக்கும் டீஃபால்ட்டை மாற்றுவது. அது ஐரோப்பியக் குளிர். 30 டிகிரியில் 1000 ஹெர்ட்ஸுக்குக் காற்றின் உறிஞ்சல் கிலோமீட்டருக்கு 3.7-இலிருந்து 7.4 டெசிபலாக ஏறுகிறது. 4000 ஹெர்ட்ஸுக்கோ 32.8-இலிருந்து 23.1 ஆகக் குறைகிறது. கம்ப்ரஸர் காற்றுக் கசிவின் சீறல் நம் ஊரில் அதிக தூரம் போகும்.

அதிகம் நடக்கும் தவறு டிஜி செட்டில் (டீசல் ஜெனரேட்டர்). 1 மீட்டரில் 75 டெசிபல் என்ற சான்றிதழ் எண்ணை அப்படியே ஒலித்திறன் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். கூண்டு 4 மீட்டர் நீளம், 1.5 அகலம், 2 உயரம் என்றால், 1 மீட்டர் தள்ளிய அளவீட்டுப் பரப்பு 78 சதுர மீட்டர். அதற்கு 19 டெசிபல் கூட்ட வேண்டும். சரியான எண் 94. இந்த ஒரு கட்டம் தப்பினால் மீதி எல்லாம் வீண்.

பசுமை வளையத்தையும் நம்பாதீர்கள். 20 மீட்டர் அடர்ந்த மரத்துக்கே 500 ஹெர்ட்ஸில் 1 டெசிபல்தான். பனை வரிசைக்கு எதுவும் கிடையாது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தனி விஷயம். சூத்திரம் எல்லாத் திசையிலும் காற்று ஆலையிலிருந்து வீட்டை நோக்கி, நொடிக்கு 1 முதல் 5 மீட்டர் வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொள்கிறது. ஆடிக்காற்று வாளையார் பக்கம் தள்ளும், மார்கழி, தையில் கிழக்குக் காற்று பாலக்காட்டுப் பக்கம் தள்ளும். அதனால் காற்றுத் திருத்தத்தைப் பூஜ்யத்திலேயே விடுங்கள். சரிபார்க்கும் அளவீட்டைக் காற்று 5 மீட்டருக்குக் கீழே இருக்கும் இரவில் எடுங்கள். அதற்கு மேல் மைக் காற்றைத்தான் அளக்கும்.

முறையின் துல்லியமே 3 டெசிபல் கூடக் குறைய இருக்கும். 44.6 வந்தால் பாஸ் என்று எழுதக் கூடாது. 42-ஐக் குறி வையுங்கள். தாண்டினால் பார்ஷியல் லெவல் (ஒவ்வொரு சோர்ஸின் தனிப் பங்கு) அட்டவணையைத் திறந்து முதல் மூன்று சோர்ஸை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் ஐடி ஃபேனின் (புகையை இழுத்து வெளியேற்றும் விசிறி) சிம்னி வாய் இருக்கும். அந்த உயரத்துக்குச் சுவர் எட்டாது, சைலன்ஸர்தான் வழி.

ஒரே ஆலை, நாலைந்து மெஷின், நடுவில் வெறும் வயல் என்றால் இதை வாங்க வேண்டாம்; அதே சூத்திரத்தை எக்ஸெல்லில் போட்டாலே போதும். பல பிளாட் உள்ள பேட்டைக்குக் கண்டிப்பாக வாங்கலாம்.