ஆறு வார லீவும் இரண்டு கண்ணும்: மதுரையில் கண்புரை ஆபரேஷன்

கண்புரை ஆபரேஷன் என்றால் ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்." பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி மூன்று வார லீவில் டிக்கெட் போடுகிறவர்கள்தான் பிறகு தேதி மாற்ற அலைகிறார்கள். மேஜையில் படுத்திருப்பது கால் மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் ஓடுவது வாரக்கணக்கு. ஒரு கண்ணுக்கு ஐந்து வாரம். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஆறு வாரம், பதற்றமில்லாமல் முடிய வேண்டுமானால் எட்டு. முதல் வாரத்தில் பரிசோதனையும் முதல் கண்ணும், ஒன்றிரண்டு வாரம் கழித்து அடுத்த கண், அதிலிருந்து நான்கு வாரத்தில் கண்ணாடிக்கான சோதனை. லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ வந்து தனக்குச் செய்துகொள்கிறவரும் சரி, ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்குச் செய்ய வருகிறவரும் சரி, இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சுமார் 9 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சின்னப் பொருள். மெல்லிய பை ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. உயிருள்ளவரை அதில் புது இழைகள் வளர்ந்துகொண்டே இருக்கும். பழையவை உதிர்வதில்லை, நடுவில் போய் நெருக்கி இறுகும். நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வருவது இந்த இறுக்கத்தால்தான். அதே லென்ஸ் பிறகு மஞ்சளித்து, பழுப்பேறி, புகை மூட்டமாகிறது. அதைத்தான் புரை என்கிறோம்.

நடுப்பகுதி கெட்டியாகும் வகையில் ஒரு வேடிக்கை உண்டு. லென்ஸின் பவர் கூடிக் கிட்டப்பார்வை வந்துவிடும். வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க வரும். "அப்பாவுக்குக் கண்ணாடியே வேண்டாம்னு ஆயிருச்சு" என்று வீடியோ காலில் நல்ல செய்தி வந்தால், தெருமுனையில் வரும் பஸ்ஸின் நம்பர் தெரிகிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். லென்ஸின் பின்பக்கம் மங்கும் வகை வேறு மாதிரி: வெயிலில் கண் கூசும், ராத்திரியில் எதிரே வரும் வண்டியின் விளக்கு பூவாகச் சிதறும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் எடுத்தவர்களுக்கும் இது அதிகம். இன்னொரு குழப்பம், ஊரில் "கண்ணுல சதை வளந்திருக்கு" என்று சொல்வது. அது சில நேரம் புரை, பல நேரம் வெள்ளைவிழியிலிருந்து கருவிழிமேல் ஏறும் சதை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, போனில் கேட்டு முடிவு செய்ய முடியாது.

"முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பது பழைய காலத்துப் பேச்சு. லென்ஸைப் பையோடு முழுதாகப் பிடுங்கிய நாட்களில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று முற்றிய புரைதான் தொல்லை. கல்லாகிப் பழுப்பேறியதை உடைக்க அதிக அல்ட்ராசவுண்ட் சக்தி வேண்டும். அந்தச் சக்தி கருவிழியின் உள்பக்கச் செல்களைச் சாகடிக்கும், அவை மறுபடி வளராது. இன்னும் விட்டால் லென்ஸ் உப்பிக் கண் அழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலியோடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் முதலாவது மருந்துப் பட்டியல். ப்ராஸ்டேட் தொல்லைக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர், முன்பு சாப்பிட்டு நிறுத்தியவர் உட்பட, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து கருவிழிக்குப் பின்னாலிருக்கும் நிறத் திரையான ஐரிஸைத் தளர்த்திவிடும். ஆபரேஷன் நடுவே அது துணி மாதிரி அலைந்து கருவியில் சிக்கும். முன்கூட்டித் தெரிந்தால் டாக்டர் கொக்கியோ மருந்தோ தயாராக வைத்திருப்பார். "ஒண்ணுக்குப் போற மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன" என்று மறைக்கிறவர்களே அதிகம். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. சொட்டு மருந்திலேயே மரத்துப்போகச் செய்து எடுக்கும் ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் அதை நிறுத்தவே வேண்டியதில்லை. மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் அளவெடுப்புக்கு ஒரு வாரம் முன்பும், கடினமான வகை போடுகிறவர் மூன்று வாரம் முன்பும் கழற்றிவிட வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வர வேண்டும். வழக்கமான கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. கிட்டப்பார்வைக்கு லேசிக் செய்தவருக்கு அப்படியே போட்டால் தூரமும் தெரியாமல் பக்கமும் தெரியாமல் பிளஸ் பவரில் போய் நிற்கும்.

எங்கே போவது என்பதில் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. சங்கர நேத்ராலயா 1978. மதுரை அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல், அரசு வேலையில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் காத்திருந்து பழகியவர்களுக்கு இங்கே கூட்டமும் வேகமும் சேர்ந்து முதலில் மிரட்டும். ஆனால் வரிசை நகரும். பெயர் பதிவு, பார்வை எழுத்து, கண் அழுத்தம் என்று ஒவ்வொரு மேஜைக்கும் சீருடை போட்ட சிஸ்டர்கள்தான் கைப்பிடித்து அனுப்புவார்கள்.

அதில் ஒரு மேஜை புதிதாக வருகிறவர்களைத் திடுக்கிட வைக்கும். சிஸ்டர் கீழ் இமையை இழுத்து, மூக்கோரத்தில் இருக்கும் ஊசிமுனைத் துளைக்குள் மொட்டை ஊசியை விட்டு உப்புத் தண்ணீரை மெல்ல அழுத்துவார். "தொண்டையில கரிக்குதா?" கரித்தால் கண்ணீர் வழி திறந்திருக்கிறது. தண்ணீர் திரும்பி வந்தால் அடைப்பு. சீழும் வந்தால் ஆபரேஷன் அன்றைக்கே தள்ளிப்போகும், முதலில் கண்ணீர்ப் பையைச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பையில் தேங்கிய கிருமி புதுக் காயத்துக்குள் போனால் கண்ணே போய்விடும். பல நாடுகளில் இதை எல்லோருக்கும் செய்வதில்லை என்பதால் 'எதற்கு இது' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. வாதாட வேண்டாம்.

பிறகு கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு. கொஞ்சம் எரியும், அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும், மறுபடி ஒரு சொட்டு. விரிந்தபின் நாலைந்து மணி நேரத்துக்குப் பக்கத்து எழுத்து தெரியாது, வெயில் குத்தும். பைக்கில் வந்திருந்தால் வேறு ஆள் ஓட்ட வேண்டும். அன்று மதியம் கல்யாண வீட்டுக்குப் போகலாம் என்று திட்டம் வைக்காதீர்கள்.

மொத்தத்தில் மிக முக்கியமான பத்து நிமிடம் அளவெடுப்பு. கருவிழியின் வளைவையும் கண்ணின் முன்பின் நீளத்தையும் அளந்துதான் உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் முடிவாகிறது. நீளத்தில் 1 மில்லிமீட்டர் தப்பினால் சுமார் 2.5 முதல் 3 பவர் வரை தப்பும். ஒளியால் அளக்கும் கருவி கண்ணைத் தொடாது, துல்லியமானது. ஆனால் முற்றிய புரைக்குள் அந்த ஒளி ஊடுருவாது. அப்போது அல்ட்ராசவுண்ட் முனையை வைத்து அளப்பார்கள். தொட்டு அளக்கும்போது முனை கொஞ்சம் அழுந்தினால் கண் குட்டையாகக் காட்டும், லென்ஸ் பவர் கூடிப்போகும், ஆபரேஷன் நன்றாக முடிந்தும் தூரத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். வறண்ட கண்ணிலும் வளைவின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். ஹீட்டர் ஓடும் வீட்டிலிருந்து நேரே வருகிறவர்கள் ஒரு வாரம் ஈரச் சொட்டு போட்டபின் அளப்பது நல்லது. விமானம் இறங்கிய மறுநாளே அளக்க ஓட வேண்டாம்.

அடுத்தது ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் மேஜை. பணப்பேச்சு இங்கேதான். ஒரே தூரத்துக்கான லென்ஸ், கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் டோரிக், தூரமும் பக்கமும் தரும் மல்டிஃபோக்கல் என்று படிப்படியாக விலை ஏறும். ஏறுவதெல்லாம் உங்களுக்கு ஏற்றது என்று அர்த்தமில்லை. கருவிழியில் 1 பவருக்கு மேல் சிலிண்டர் இருந்தால் டோரிக்குக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஆனால் அது உள்ளே 1 டிகிரி திரும்பினால் பலனில் சுமார் 3 சதவீதம் போகும், 30 டிகிரி திரும்பினால் பலனே இல்லை. மல்டிஃபோக்கல் வெளிச்சத்தைப் பங்கு போட்டுத் தருவதால் ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். விழித்திரையில் கோளாறோ கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்குச் சேராது. இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுவதே பிழைப்பு என்றால் இரண்டு முறை யோசிக்கலாம். வாழ்நாளெல்லாம் கிட்டப்பார்வையோடு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துப் பழகியவர் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கம்போல் தூரத்துக்கு வைத்துவிடுவார்கள். படுக்கையில் புத்தகம் படிக்க முதல்முறையாகக் கண்ணாடி தேடுவார்.

"இம்போர்ட்டட் லென்ஸ்தான் வேணும்" என்பது நம்மவர்களின் இன்னொரு பிடிவாதம். 1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்தது போர் விமானக் கூண்டுக்குப் பயன்பட்ட வகை பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸ். அதே பிளாஸ்டிக் லென்ஸை 1992 முதல் மதுரையிலேயே அரவிந்தின் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் செய்யத் தொடங்கியபின்தான் அதன் விலை ஏழைகளுக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது. இன்று அது பல நாடுகளுக்கு இங்கிருந்து ஏற்றுமதியாகிறது. டொராண்டோக்காரர் அண்ணா நகரில் உட்கார்ந்து வெளிநாட்டு லென்ஸ் கேட்பதில் ஒரு அழகு இருக்கத்தான் செய்கிறது.

"லேசர் ஆபரேஷன்" என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் லேசர் அல்ல, அல்ட்ராசவுண்ட். 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் கீறல் போட்டு, லென்ஸ் பையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு வாசல் கிழித்து, உள்ளிருப்பதை உடைத்து உறிஞ்சி, மடித்த லென்ஸை அதே பைக்குள் விரித்துவிடுவது. நிஜ லேசரால் கீறலும் வாசலும் போடும் கருவி தனியாக உண்டு. அதற்குத் தனிக் கட்டணம், பார்வையில் சொல்லும்படியான வித்தியாசமில்லை. கல்லாக இறுகிய புரைக்கு 6 மில்லிமீட்டர் சுரங்கக் கீறல் வழியே முழுதாக எடுக்கும் தையலில்லா முறைதான் பத்திரம். அதை டாக்டர் சொன்னால் மலிவு வைத்தியம் என்று முகம் சுளிக்க வேண்டாம்.

பெற்றோருக்கு இங்கே எடுத்த இன்சூரன்ஸை நம்பி வருகிறவர்கள் பாலிசியை ஒருமுறை படிக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் கண்புரைக்கு 2 வருடக் காத்திருப்பு உண்டு, கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு.

ஆபரேஷன் அன்று: முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட வேண்டும், எண்ணெய், பூ, பொட்டு வேண்டாம், முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டை. செய்ய வேண்டிய கண்ணின் புருவத்துக்கு மேல் சின்ன பிளாஸ்டர் ஒட்டுவார்கள். அது கண் மாறிவிடாமலிருக்க. அரித்தாலும் பிய்க்கக் கூடாது. உள்ளே இரண்டு மேஜை அடுத்தடுத்து. ஒருவருக்கு முடிந்ததும் டாக்டர் மைக்ரோஸ்கோப்பை அப்படியே அடுத்த மேஜைப் பக்கம் திருப்பிவிடுவார்; அதற்குள் அங்கே அடுத்தவர் தயாராக இருப்பார். வேகத்தின் ரகசியம் அதுதான், கை அவசரம் அல்ல. பழுப்பு நிற அயோடின் சொட்டு கண்ணில் விழும். நோயாளிக்குத் தெரிவது வெளிச்சமும் நிறங்களும் தண்ணீர் சத்தமும் மட்டும். இருமல் இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். சொல்லாமல் நடுவில் இருமினால் உள்ளேயிருக்கும் கருவி நகர்ந்து பையின் பின்சுவர் கிழியலாம்.

வீட்டுக்கு வந்தபின் வேலை சொட்டு மருந்துதான். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு முறை, பிறகு வாரத்துக்கு ஒன்று குறைத்துக்கொண்டே வருவது வழக்கமான முறை. உங்கள் சீட்டில் வேறு மாதிரி இருந்தால் சீட்டுப்படி. பால் மாதிரி இருக்கும் சொட்டை நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். இரண்டு மருந்துக்கு நடுவே 5 நிமிடம். பாட்டில் முனை இமையில் படக் கூடாது. ஒரு வாரம் பத்து நாள் தலைக்குத் தண்ணீர் வேண்டாம். பார்க்க வருகிற பெரியவர்கள் நெற்றியில் திருநீறு பூசி ஊதுவதுதான் பெரிய ஆபத்து, கையில் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஆபத்து மடியில் ஏறும் பேரப்பிள்ளையின் விரல்.

வலி கூடி, சிவந்து, பார்வை மங்கினால், பெரும்பாலும் முதல் வாரத்துக்குள், அது கண்ணுக்குள் கிருமி. அரிது, ஆனால் மணிக்கணக்கில் கண்ணைத் தின்றுவிடும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காத்திருக்காமல் அன்றைக்கே நேரில் போக வேண்டும். இன்னொன்று மெதுவாக வருவது: நன்றாகத் தெரிந்த கண் நான்கைந்து வாரத்தில் மங்கும், விழித்திரையின் நடுவில் நீர் கோர்த்திருக்கும். சொட்டு மருந்திலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்றாம் வாரமே விமானம் ஏறியவர்களுக்கு இது அந்நிய ஊரில்தான் தெரியவரும். மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கொட்டுவது, ஓரத்தில் திரை விழுவது மூன்றும் விழித்திரை பிரிவதன் அறிகுறி.

சிக்கலில்லாமல் முடிந்த கண்ணோடு பறக்கத் தடையில்லை. விழித்திரை ஆபரேஷனுக்காகக் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால் மட்டும், அது கரையும்வரை பறக்கவே கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணை நசுக்கும். சாதாரணமாகத் தடை போடுவது பெட்டிதான். முறுக்கும் பொடியும் அடைத்த இரண்டு 23 கிலோ பெட்டிகளை ஆபரேஷன் முடிந்த இரண்டு வாரத்துக்குள் ஏர்போர்ட் பெல்ட்டிலிருந்து தூக்கக் கூடாது. சொட்டு மருந்து கைப்பையில், சீட்டில் மருந்தின் மூலப்பெயரோடு.

டிஸ்சார்ஜ் தாளோடு அளவெடுப்பின் பிரிண்ட்டையும், லென்ஸின் வகை, பவர், சீரியல் நம்பர் உள்ள ஸ்டிக்கர் அட்டையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில மாதத்திலோ சில வருடத்திலோ பார்வை மறுபடி மூட்டமானால் புரை திரும்பி வந்துவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். எடுத்த புரை வராது. லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பையின் பின்சுவர்தான் மங்கியிருக்கும். அதற்குச் செய்வதுதான் உண்மையான லேசர், உட்கார்ந்தபடியே சில நிமிடம், எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம். அப்போது அந்த ஊர் டாக்டர் முதலில் கேட்பது இந்த அட்டையைத்தான்.