தம்பியின் இடுப்பு முறிவும் ஒரு தனியார் வைத்தியசாலையும்

வல்லைவெளியில் குறுக்கே வந்த மாட்டுக்கு விலத்தப்போய் மோட்டார் சைக்கிளோடு விழுந்த என் தம்பிக்கு வயது 29. இடுப்பு மூட்டுக்குள் பொருந்தும் தொடையென்பின் பந்துக்குச் சற்றுக் கீழேயுள்ள கழுத்து முறிந்து, இடம் விலகியிருந்தது. யாழ்ப்பாண நகரத் தனியார் வைத்தியசாலை ஒன்றில் அவன் பெற்ற சிகிச்சையையே இங்கு மதிப்பிடுகிறேன். குறைகளையும் எழுதுவதால் பெயரைத் தவிர்த்துள்ளேன்.

இரவு எட்டரை மணிக்குக் கொண்டுசென்றோம். ஊடுகதிர்ப்படத்தைப் பார்த்த நிபுணர், அன்றிரவே சத்திரசிகிச்சை செய்வதாகச் சொன்னார். சென்ற வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்த எங்கள் அப்பம்மாவுக்கும் இதே முறிவுதான். உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள், மறுநாளே அவர் சட்டத்தைப் பிடித்து நடந்தார். இவனுக்கும் அதையே செய்தாலென்ன என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான்.

நிபுணர் அவசரப்படாமல், படத்தின் உறையிலேயே பேனாவால் கீறி விளக்கினார். உலோக மூட்டு தேயக்கூடியது. 29 வயதில் வைத்தால் வாழ்நாளில் அதை மீண்டும் மாற்ற நேரிடலாம் என்பதால், இளவயதினருக்குச் சொந்த என்பைக் காப்பாற்றவே முதலில் முயல வேண்டும். ஆனால் பந்துக்கான இரத்தத்தின் பெரும்பகுதி கழுத்தோரமாக ஏறிச்செல்லும் மெல்லிய குழாய்களால் வருகிறது. முறிவு விலகும்போது அவை கிழியலாம் அல்லது மடங்கி அடைபடலாம், அப்படியானால் பந்து உயிரிழந்து பின்னர் நொறுங்கும். ஆகவே விரைவாகச் செய்வது நல்லது, அதனிலும் முக்கியம் முறிந்த முனைகளைப் பிசகின்றிப் பொருத்துவது என்றார். வெடிப்பு செங்குத்தாக இருக்குமளவுக்கு உடற்பாரம் அதை வழுக்கச்செய்யும். 1935இல் ஜேர்மானிய மருத்துவர் பவெல்ஸ் வகுத்த அளவில், வெடிப்பு கிடைக்கோட்டோடு அமைக்கும் கோணம் 50 பாகைக்கு மேற்பட்டதே மிகவும் உறுதியற்றது. தம்பியினது அதற்குக் குறைவாக இருந்ததால் மூன்று திருகாணிகள் போதுமாயின. நள்ளிரவுக்கு முன் வேலை முடிந்தது. இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை; விளக்கம் சொல்ல நேரம் ஒதுக்கும் நிபுணரை நான் அதிகம் கண்டதில்லை.

வீட்டுக்கு அனுப்பிய விதம்தான் குறை. இயன்மருத்துவர் ஒரேயொரு தடவை வந்து, வழுவழுப்பான மாபிள் தரையில் ஊன்றுகோலோடு பத்தடி நடக்கவைத்துவிட்டுப் போய்விட்டார். ஆறு வாரத்துக்கு அந்தக் காலில் பாரம் கொடுக்கக்கூடாது, பெருவிரல் நுனி மட்டும் நிலத்தில் படலாம் என்ற அறிவுறுத்தல் சரியானதே. ஆனால் எங்கள் வீடு குடத்தனையில். முற்றம் முழுக்க மணல். ஊன்றுகோலின் இறப்பர் நுனி நாலு விரற்கடை புதைந்து, அவன் இரண்டாம் நாளே விழப்பார்த்தான். மலசலகூடமோ வளவின் பின்புறத்தில், குந்தியிருக்கும் வகை. பாரம் கொடுக்காத ஒரு காலை வைத்துக்கொண்டு எப்படிக் குந்துவது? வீட்டில் என்ன வசதி உண்டு என்று புறப்படுமுன் ஒருவர் கேட்டிருந்தால், இரவோடிரவாக கொமட் கதிரைக்கு அலைந்திருக்கமாட்டோம். முற்றத்தில் பழைய பலகைகளைப் போட்டுப் பாதை அமைத்தோம்.

கட்டணச்சீட்டில் திருகாணிகள் அனைத்தும் ‘உபகரணங்கள்’ என்ற ஒரே வரிக்குள் அடங்கியிருந்தன. விபரம் கேட்டபோது கணக்குப் பகுதியினர் முகம் சுளித்தனர்.

இன்னொன்று. பந்து உயிரிழப்பது முறிவு பொருந்திய பின்னும், இரண்டு வருடங்கள் கழித்துக்கூடத் தெரியவரலாம். இதை விடுகைப் பத்திரத்தில் ஒருவரும் எழுதவில்லை. ஆறாம் வாரக் கிளினிக்கில் தம்பி சிகரெட்டைப் பற்றி வாங்கிக்கட்டியபோது நிபுணர் வாயாலேயே கேட்டு அறிந்தோம். புகைத்தால் என்பு பொருந்தத் தாமதமாகுமாம்.

ஐந்தாம் மாதப் படத்தில் முறிவு பொருந்தியிருக்கிறது, பந்தும் உருண்டையாகவே இருக்கிறது. கவட்டில் நோவு வந்தால் திகதிக்குக் காத்திராமல் வரச்சொல்லியிருக்கிறார்கள். அந்த நிபுணருக்காக அங்கேயே தொடர்ந்து காட்டுகிறோம். பயிற்சிக்கு மட்டும் பருத்தித்துறையில் வேறோர் இயன்மருத்துவரிடம் போகிறான், அவர் முதல்நாளே அவனை மணலில் நடக்கவைத்துப் பார்த்தார்.