ஆசிரியர் மாறினாலும் நிற்கிற வழக்கம் எது? சிறிய அரசுப் பள்ளிகளுக்கு ஓர் ஒப்பீடு

கொங்குப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் அடிக்கடி நடப்பது இது. ஆர்வமுள்ள தலைமையாசிரியர் ஒருவர் வருகிறார். ஐந்தாறு வருடத்தில் பள்ளி களைகட்டிவிடுகிறது. மரத்தடி வகுப்பு, பிள்ளைகள் நடத்தும் கூட்டம், தோட்டம், பொங்கல் என்று ஊரே வந்து பார்க்கிறது. பிறகு கலந்தாய்வில் அவருக்கு மாறுதல் வருகிறது. அடுத்த ஜூனில் தோட்டத்தில் பார்த்தீனியம் முளைக்கிறது, கூட்டம் நின்றுவிடுகிறது. புதிதாக வந்தவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அந்த வழக்கங்களின் சாவி ஒரே ஒருவர் கையில் இருந்தது, அவர் போகும்போது அதுவும் போய்விட்டது.

அதனால் இங்கே எதை ஒப்பிட்டாலும் அளவுகோல் ஒன்றுதான்: ஆசிரியர் மாறிய பிறகும் இது நடக்குமா? மனதில் வைத்திருப்பது 40 முதல் 80 பிள்ளைகள், இரண்டு மூன்று ஆசிரியர்கள் உள்ள பள்ளியை. அரசு விதிகளுக்குள் இருந்துகொண்டே மாற்றுப் பள்ளியாக நடக்க விரும்பும் பள்ளி அது.

வரிசையா, வட்டமா

காலைக் கூட்டத்தை வரிசையில் நடத்தினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி, பிறகு உறுதிமொழி, ஒரு குறள், செய்தி, அறிவிப்பு. மழைக்காலத்திலும் ஆள் குறைவான நாளிலும் இதுவே கைகொடுக்கும். குறை என்னவென்றால், வருடம் முழுக்க அதே நான்கு பிள்ளைகளின் குரல்தான் கேட்கும். கடைசி வரிசைக்கு முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும்தான் தெரியும்.

வட்டத்துக்கு இடம் வேண்டும். 60 பிள்ளைகள், ஆளுக்கு இரண்டடி என்றால் சுற்றளவு 120 அடி. நடுவில் ஒரு முளை அடித்து 19 அடிக் கயிற்றைக் கட்டிச் சுற்றினால் வட்டம் வந்துவிடும். சுண்ணாம்புக் கோடு ஒரு மழைக்குத் தாங்காது, பாதி செங்கல்லைப் புதைத்துவிடுவது நல்லது. காலை ஒன்பதே கால் வெயில் கிழக்கிலிருந்து வருவதால், வேப்பமரத்துக்கு மேற்கே வட்டம் போட்டால்தான் நிழல் கிடைக்கும். இதைக் கவனிக்காமல் போட்ட வட்டங்கள் ஜூலைக்குள் கைவிடப்படுகின்றன.

காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றில் கிழக்கே நிற்கிற பிள்ளை பேசுவது மேற்கே நிற்பவருக்கு எட்டாது. அந்த இரண்டு மாதமும் அரைவட்டம் போதும். பேசுபவர் மேற்கே நிற்க, கேட்பவர்கள் கிழக்கே உட்கார வேண்டும். காற்றே குரலைச் சுமந்துகொண்டு போகும்.

வட்டத்தில் எல்லோரும் தினமும் பேச வேண்டும் என்று தொடங்குவதுதான் பெரிய தவறு. 60 பேருக்கு 20 விநாடி வீதம் 20 நிமிடம் ஆகிவிடும், முதல் பாடவேளை போய்விடும். நாளுக்கு ஒரு வகுப்பு என்று முறை வைத்தால் 12 பிள்ளைகளுக்கு நான்கு நிமிடம் போதும். கூழாங்கல் ஒன்று கைமாறட்டும், கல் யாரிடமோ அவர்தான் பேசுவார். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகள் முதல் மாதம் வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள் மொழியில் ஒரு சொல்லை எல்லோருக்கும் சொல்லித்தரச் சொன்னால் கல் அவர்கள் கையிலும் நிற்கும்.

வட்டம் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. தாமதமாக வந்தவரையும் வீட்டுப்பாடம் எழுதாதவரையும் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால், அன்றோடு அது தண்டனைக் களம். பிறகு எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது.

2007-ல் செயல்வழிக் கற்றல், அதாவது அட்டைகளையும் செயல்பாடுகளையும் வைத்துப் பிள்ளைகள் தாமே கற்கும் முறை, மாநிலம் முழுக்க வந்தபோது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மிக நல்ல காட்சி அது. ஆனால் மேலிருந்து உத்தரவாக வந்த வட்டம், உத்தரவு மாறியதும் பல வகுப்புகளில் கலைந்தது. திங்கட்கிழமை வரிசை, மற்ற நான்கு நாள் வட்டம் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். வட்டத்தை நடத்துவது ஐந்தாம் வகுப்பின் வேலை, வாரம் இருவர்.

தட்டேந்தும் வரிசையா, பந்தியா

மாற்றுப் பள்ளி என்றதும் விழாவை யோசிக்கிறோம், சோற்றை யோசிப்பதில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு மதியத்துக்கு இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவும் வந்துவிட்டது. வருடத்துக்கு 200 வேலை நாள் என்றாலே பிள்ளைகள் 400 முறை சேர்ந்து சாப்பிடுகிறார்கள். இதைவிடப் பெரிய கூட்டு வழக்கத்தை எந்தப் பள்ளியாலும் புதிதாக உண்டாக்க முடியாது.

தட்டை ஏந்தி வரிசையில் நிற்பது எளிது. ஆனால் பெரிய பையன்கள் முந்திக்கொள்வார்கள், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு ஆறின சோறு. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், யார் யாரோடு உட்காரவில்லை என்பது யார் கண்ணிலும் படாது.

பந்திக்கு எதிரெதிராக இரண்டு வரிசை, வரிசைக்கு 30 பேர். ஆளுக்கு ஒன்றரை அடி வைத்தால் 45 அடி நீளம் வேண்டும். தாழ்வாரம் எட்டடி அகலம் இருந்தால் நடுவில் பரிமாற வழி கிடைக்கும், இல்லையென்றால் மரத்தடிதான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அளவு 100 கிராம் அரிசி. 60 பேருக்கு 6 கிலோ அரிசி, வெந்தால் ஏறக்குறைய 17 கிலோ சோறு. ஒரு வாளியில் மூன்று கிலோவுக்கு மேல் போட்டால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தூக்கமுடியாது. எனவே ஆறு வாளி, ஆறு பேர்.

சாம்பாரும் ரசமும் எப்போதும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கொதிக்கிற வாளியோடு கால் தடுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குச் சோறு, முட்டை, தண்ணீர். முதல் சுற்று எல்லோருக்கும் ஒரே கரண்டி அளவு, இரண்டாம் சுற்றில் "இன்னும் போடட்டுமா?" என்று கேட்டுப் போடலாம். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் சிநேகிதனுக்குக் குவிந்துவிடும். பரிமாறுகிற ஆறு பேரின் தட்டும் முட்டையும் முன்பே எடுத்து மூடி வைக்கப்பட வேண்டும். கடைசியில் முட்டை குறைந்து பரிமாறியவரே ஏமாந்தால் அடுத்த வாரம் யாரும் முன்வர மாட்டார்கள்.

சாதியைப் பேசாமல் கொங்கில் பந்தியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 2018-ல் அவினாசிப் பக்கத்துப் பள்ளியொன்றில் பட்டியலினப் பெண் சமைக்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. 2023-ல் கரூர் மாவட்டப் பள்ளியொன்றில் அதே காரணத்துக்காகப் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிடவிடாமல் பெற்றோர் தடுத்தார்கள், மாவட்ட ஆட்சியர் நேரில் போக வேண்டியிருந்தது. வரிசை முறை இந்தப் பிளவை மறைத்து வைக்கும், பந்தி அதை வெளியே கொண்டுவரும். அதனாலேயே பந்தியை முறையோடு நடத்த வேண்டும். உட்காரும் இடம் வாரம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி முடிவாக வேண்டும். பரிமாறும் முறைப் பட்டியல் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும், ஒரு பெயரும் விடுபடக் கூடாது. அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும், கூட்டுவது பெண் பிள்ளை வேலை என்று ஆகிவிடக் கூடாது. ஆசிரியரும் தலைமையாசிரியரும் அதே பந்தியில் அதே சோற்றைச் சாப்பிட வேண்டும். எந்த அறிவுரையும் இந்த ஒரு செயலுக்கு ஈடாகாது.

பந்திக்கே முழு ஆதரவு. சமையலர் அக்காவும் பிள்ளைகளும் முறையைப் பழகிவிட்டால், புதிதாக வருகிற ஆசிரியர் உட்கார்ந்து சாப்பிட்டாலே போதும்.

மேடையா, அடுப்பா

ஆண்டு விழா என்றால் பந்தல், ஒலிபெருக்கி, வாடகை உடை, ஃப்ளெக்ஸ், கேடயம், சிறப்பு விருந்தினர். செலவைத் தருபவர் இல்லாமல் நடக்காது, தருபவரின் பெயர் பதாகையில் பெரிதாகிக்கொண்டே போகும். 60 பேரில் மேடை ஏறுவது இருபது பேர், மற்றவர்கள் கைதட்டக் காத்திருப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் வைத்தால் ஒத்திகைக்கே மூன்று வாரம் போய்விடும், முழு ஆண்டுத் தேர்வும் நெருங்கியிருக்கும். இருந்தும் அதற்கு ஒரு பலம் உண்டு. தனியார் பள்ளி வேன் வாசல் வரை வந்து நிற்கிற ஊரில், தன் பிள்ளை ஒலிபெருக்கியில் பேசுவதைக் கேட்ட பெற்றோர் அடுத்த வருடமும் அரசுப் பள்ளியிலேயே வைத்திருப்பார்கள். சேர்க்கை குறைந்து தவிக்கிற பள்ளிக்கு அது சாதாரண விஷயமில்லை.

பொங்கல் நோம்பி வேறு கணக்கு. அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்கும், விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில் வைத்துக்கொள்ளலாம். பெற்றோரும் சேர்ந்தால் நூறு பேர் வருவார்கள். பெரிய அண்டா ஒன்று வைத்தால் சமைப்பது இரண்டு பெரியவர்கள், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். ஐந்து பானை வையுங்கள். பானைக்கு 12 பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கலந்து, ஒரு பெற்றோர் கூட நிற்க.

ஒரு பானைக்குப் பச்சரிசி ஒரு கிலோ, பாசிப்பருப்பு கால் கிலோ, வெல்லம் ஒன்றரைக் கிலோ, நெய் 150 கிராம், ஏலக்காய் ஐந்து கிராம். பானை பத்து லிட்டர் பிடிக்க வேண்டும், தண்ணீர் ஆறு லிட்டர். கவுந்தப்பாடிச் சந்தை வெல்லம் கிடைத்தால் நல்லது, எந்த வெல்லமானாலும் கரைத்து வடிகட்டிய பிறகுதான் ஊற்ற வேண்டும், மண் இருக்கும். அரிசியும் பருப்பும் குழைய வெந்த பிறகே வெல்லம். பள்ளிப் பொங்கலில் பாதிப் பானை நறுக்கரிசியாக நிற்பதற்கு அவசரப்பட்டு வெல்லத்தைக் கொட்டியதுதான் காரணம், வெல்லம் விழுந்த பிறகு அரிசி வேகாது. அடுப்புக்கு மூன்று செங்கல். வாய் காற்று வருகிற பக்கம் பார்த்து இருக்கட்டும், தையில் பெரும்பாலும் கிழக்கு அல்லது வடகிழக்கு. விறகு தள்ளுபவர் அந்தப் பக்கமே உட்கார்ந்தால் புகை முகத்தில் அடிக்காது. தள்ளுபவர் பெரியவராக இருக்க வேண்டும், பாவாடையும் துப்பட்டாவும் அடுப்பருகே வரக் கூடாது. அடுப்புக்கு இரண்டு வாளி தண்ணீர்.

பிள்ளைகளுக்கு வேலை முந்தைய நாளே தொடங்கிவிடும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ கொண்டுவந்து காப்புக் கட்டுவது அவர்கள் பொறுப்பு. எந்த வேலியில் பூளை இருக்கிறது, எந்த மேட்டில் ஆவாரை இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வீட்டுக் கன்றைக் கூட்டிவந்து பட்டிப் பொங்கலும் வைக்கலாம், "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று கத்துவதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பூசாரி வேண்டாம், சூரியனும் மாடும் போதும். இசுலாமிய, கிறித்தவப் பிள்ளைகளும் தயங்காமல் நிற்பார்கள்.

கும்மியும் ஒயிலாட்டமும் ஊர் ஆசானிடமே கற்கட்டும். ஒயிலாட்டத்துக்கு மாதம் நான்கு சனிக்கிழமை போதும், உடை வாடகை கிடையாது, ஒரு துண்டு இருந்தால் ஆடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்: சில கும்மி மேடைகளில் சாதிப் பெருமை கலந்துவிட்டது, பள்ளி வாசலுக்குள் அது வரக் கூடாது. பாட்டைப் பிள்ளைகளே கட்டினால் அந்தச் சிக்கலும் தீரும்.

சேர்க்கை சரிகிற ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேடை போடலாம். பொங்கல் ஒவ்வொரு வருடமும் நடக்க வேண்டும். அரிசி ஒரு வீடு, வெல்லம் ஒரு வீடு என்று பிரித்து வாங்கினால், ஆசிரியர் மறந்தாலும் மார்கழி பிறந்ததும் ஊரே கேட்கும்: "ஏனுங் டீச்சர், இந்த வருசம் பள்ளிக்கூடத்துல பொங்கல் எப்பங்க?"

கூட்டமும் பயணமும்

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சட்டம் நல்ல சட்டம், இங்கே சிக்கல் நேரம்தான். வேலை நாள் மதியம் கூட்டினால் தறியில் நிற்பவரும் கம்பெனிக்குப் போனவரும் வர முடியாது, கையெழுத்து மட்டும் வீடு தேடிப் போகும். பனியன் தொழிலாளர் ஊரில் சனிக்கிழமை சம்பள நாள், இரவாகிவிடும். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெற்றோரை மரத்தடியில் கூட்டிப் பேசி, முடிவை முறையான கூட்டத்தில் பதிவு செய்வது பலன் தரும். பிள்ளைகள் வட்டத்தில் சொன்ன கோரிக்கை ஒன்றாவது ஒவ்வொரு முறையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். கழிப்பறைத் தாழ்ப்பாள், குடிநீர்க் குழாய் எதுவானாலும் சரி. எழுதியது அடுத்த கூட்டத்துக்குள் நடந்ததா என்று பிள்ளைகளுக்கே திரும்பிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் கோரிக்கை வராது.

சுற்றுலாவுக்குப் பேருந்து பிடித்து ஊட்டி போவதைவிட அருகிலுள்ள இடமே மேல். பறவை பார்க்கத் திருப்பூருக்கு நஞ்சராயன் குளம், ஈரோட்டுக்கு வெள்ளோடு, சென்னிமலைப் பக்கத்துக்கு நொய்யல் கரையின் கொடுமணல். இரும்பு உருக்கியதற்கும் கல்மணி செய்ததற்கும் அகழாய்வில் சான்று கிடைத்த ஊர் அது. பணம் கட்ட முடியாத பிள்ளை வீட்டில் தங்கிவிடுகிற சுற்றுலாவைப் பள்ளி வழக்கம் என்று சொல்லக் கூடாது.

ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு விடைபெறும் நாளுக்குக் கேக்கும் குழுப்படமும் வந்துவிட்டன. அவை இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றுக்கு முன்னால் வட்டத்தின் நடுவில் ஐந்து பொருள்கள் கைமாறட்டும்: மணியடிக்கும் கட்டை, கூழாங்கல், பந்திக் கரண்டி, தோட்டத்துப் பூவாளி, ஒரு 80 பக்க நோட்டு. நோட்டில் அந்த வருடத்து அளவுகள் பிள்ளைகளின் கையெழுத்திலேயே இருக்கும். எத்தனை பானை, எவ்வளவு வெல்லம், எந்த வேலியில் பூளைப்பூ, எந்தப் பானை அடிபிடித்தது, ஏன்? அதை வாங்கிக்கொள்ளும் நான்காம் வகுப்பு, ஜூன் முதல் நாளில் புதிய ஆசிரியர் வந்தால் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லும்.