வடசேரி சாயாக்கடையில் விலைபோகும் பேஸ்பால் அணி

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தை அடுத்த சந்திலுள்ள அந்தச் சாயாக்கடைக்கு நான் போவது ஏத்தம்பழ பஜ்ஜிக்காகத்தான். நன்கு கனிந்த பழத்தை நீளவாக்கில் அரிந்து, மாவில் மெலிதாகத் தோய்த்து, விளிம்பு மட்டும் முறுகும்படி பொரிக்கிறார்கள். மாலை ஐந்துக்குப் பின் போனால் தட்டு காலி.

அண்மைக்காலமாக அங்கே இன்னோர் ஈர்ப்பும் சேர்ந்திருக்கிறது. மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மினசோட்டா ட்வின்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியின் தீவிர ரசிகராகத் திரும்பியிருக்கிறார். 1984 முதல் அவ்வணியை வைத்திருக்கும் போலாட் குடும்பம், 2024 அக்டோபரில் விற்கும் எண்ணத்தை அறிவித்து, 2025 ஆகஸ்டில் புதிய பங்குதாரர்களைச் சேர்த்துக்கொண்டு உரிமையைத் தக்கவைத்துக்கொண்டபோதிலும், முழு விற்பனை வந்தே தீரும் என்று அவர் அடித்துச் சொல்கிறார். 2020இல் ஏறத்தாழ 240 கோடி டாலருக்கு நியூயார்க் மெட்ஸ் அணியை வாங்கிய ஸ்டீவ் கோஹனைப் போல ஒருவர் வரவேண்டுமாம்.

“வந்தாலும் லீக்கிலுள்ள 30 அணி உரிமையாளர்களில் முக்கால்வாசிப் பேர் சம்மதிக்கணுமே சார்?” என்று சாயாவை ஆற்றியபடியே கடைக்காரர் மடக்குகிறார். ஆசிரியரிடமே அவர் கற்ற பாடம் அது!

குறை என்றால், இந்த வாக்குவாதம் சூடேறும்போது கண்ணாடித் தம்ளர் மேசைக்கு வரத் தாமதமாகிறது. சீனியும் தூக்கல், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.